ஆயிரக்கணக்கில் நட்டும் அஹினஹினா ஏன் இன்னும் அபாயப் பட்டியலில்?

மௌனா கியா என்ற மலையின் பெயர் நம் பத்திரிகைகளில் அடிபட்டது தொலைநோக்கி விவகாரத்தால்தான். இந்தியாவும் பங்குதாரராக உள்ள முப்பது மீட்டர் தொலைநோக்கியை அந்த உச்சியில் கட்டக் கூடாது என்று 2015-லும் 2019-லும் ஹவாய் மக்கள் சாலையில் உட்கார்ந்து மறித்தார்கள். அதே மலையின் சரிவுகளில் ஒரு செடியைக் காப்பாற்றும் வேலை அதற்கும் பல பத்தாண்டுகள் முன்பே தொடங்கிவிட்டது. ஆங்கிலத்தில் அதற்கு சில்வர்ஸ்வோர்ட் என்று பெயர். ஹவாய் மக்களுக்கு அது அஹினஹினா.

1970-களின் தொடக்கத்திலிருந்தே மௌனா கியாவில் அஹினஹினா கன்றுகளை நட்டுவருகிறார்கள். இதுவரை ஆயிரக்கணக்கில் நட்டாகிவிட்டது. ஆனாலும் 1986-ல் அமெரிக்க அரசின் அருகிவரும் இனங்கள் பட்டியலில் ஏறிய செடி இன்னும் இறங்கவில்லை. 'இத்தனை நட்டும் ஏன்?' என்று கேட்பது நியாயம்தான். மரம் நடு விழாக்களைப் பார்த்துப் பழகிய நமக்கு, நட்ட எண்ணிக்கைதான் வெற்றி.

இந்தச் செடியின் விஷயத்தில் அந்தக் கணக்கு செல்லாது. மலையில் எத்தனை செடி நிற்கிறது என்பது ஒரு எண். அவற்றில் எத்தனை ஒன்றோடொன்று கூடி விதை தர முடியும் என்பது வேறு எண். இரண்டுக்கும் இடையே எவ்வளவு பெரிய பள்ளம் விழ முடியும் என்பதைப் புரிந்துகொள்ள, செடி எப்படி இனப்பெருக்கம் செய்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## செடியும் இடமும்

அஹினஹினா சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆனால் பார்த்தால் அப்படித் தோன்றாது. தரையோடு ஒட்டிய உருண்டையாக, நீண்டு ஒடுங்கிய இலைகள் எல்லாப் பக்கமும் குத்திட்டு நிற்கும். தண்டு வெளியே தெரியாது. இலைமேல் அடர்ந்த வெள்ளை மயிர்கள் வெயிலைத் திருப்பி அனுப்புவதால்தான் அந்த வெள்ளிப் பளபளப்பு. இலையின் உள்ளே செல்களுக்கு இடையில் கூழ் போன்ற பொருள் நீரைப் பிடித்துவைத்திருக்கும். இலைகள் அடுக்கியிருக்கும் விதமே வெயிலை நடுவிலுள்ள மொட்டின் மீது குவித்து, குளிர்ந்த மலைக்காற்றில் அதைச் சூடாக வைத்திருக்கிறது.

ஹவாயில் இந்தக் கூட்டத்தில் மூன்று நமக்கு இங்கே முக்கியம். மௌயி தீவின் ஹலேயாக்கலா எரிமலையில் ஒரு துணையினம். ஹவாய் தீவின் மௌனா கியாவில் இன்னொரு துணையினம். அதே தீவின் மௌனா லோவாவில் நெருங்கிய உறவான தனி இனம் ஒன்று. மௌனா கியாவின் உயரம் சுமார் 4,200 மீட்டர். அதில் ஏறத்தாழ 2,600 முதல் 3,800 மீட்டர் வரை ஒரு காலத்தில் இந்தச் செடி பரவியிருந்தது. ஹலேயாக்கலா செடிகள் எண்ணிக்கையில் அதிகம், ஆய்வும் அங்கேதான் அதிகம் நடந்திருக்கிறது. ஆகவே இனப்பெருக்கம் பற்றித் தெரிந்ததில் பெரும்பகுதி ஹலேயாக்கலாவிலிருந்து வருவது. நெருக்கடி முற்றியது மௌனா கியாவில். இந்த இரண்டு மலைகளையும் மாறி மாறித்தான் பார்க்கப் போகிறோம்.

## ஆயுளுக்கு ஒரே பூப்பு

அஹினஹினா பல பத்தாண்டுகள் வெறும் இலையாகவே வளரும். 20 ஆண்டில் பூப்பதும் உண்டு, 90 ஆண்டுவரை காத்திருப்பதும் உண்டு. பிறகு ஒரு கோடையில் நடுவிலிருந்து பூத்தண்டு கிளம்பும். சில வாரங்களில் அது ஆள் உயரத்துக்கு, சில சமயம் இரண்டு மீட்டருக்கும் மேலே எழும்பிவிடும். தண்டு முழுக்கச் சிவந்த ஊதா நிறத்தில் சில நூறு பூக்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் பூப்பு முடியும். விதை முற்றும். செடி காய்ந்து சாகும்.

மூங்கிலும் தாளிப்பனையும் நீலக்குறிஞ்சியும் இப்படித்தான் ஒரு முறை பூத்து மடிகின்றன. ஆனால் குறிஞ்சியை மனத்தில் வைத்துக்கொண்டு அஹினஹினாவைப் பார்த்தால் தவறு நேரும். நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை ஒரு மலைச்சரிவு முழுக்க ஒரே சமயத்தில் பூக்கிறது. மூணாறில் 2006-லும் 2018-லும் பூத்தது போல. எந்தக் குறிஞ்சிச் செடிக்கும் துணைக்குப் பஞ்சமில்லை.

அஹினஹினாவுக்கு அப்படிப்பட்ட நாள்காட்டி இல்லை. ஒவ்வொரு செடியும் தன் தன் காலத்தில் பூக்கிறது. சில ஆண்டுகளில் கூட்டமாகப் பூப்பதும், சில ஆண்டுகளில் மலையே வெறிச்சோடிப்போவதும் நடக்கும். ஹலேயாக்கலாவில் 1970-ல் ஒன்றுகூடப் பூக்கவில்லை. 1991-ல் 6,632 செடிகள் பூத்தன. எது இந்த ஏற்ற இறக்கத்தைத் தீர்மானிக்கிறது என்பதைவிட, அதன் விளைவுதான் நமக்கு இங்கே முக்கியம்: ஒரு செடி எந்த ஆண்டில் பூக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் ஆயுளின் மொத்தப் பலனும் அமைகிறது. ஆண்டுதோறும் பூக்கும் செடிக்கு ஒரு பருவம் பொய்த்தால் அடுத்தது இருக்கிறது. இதற்கு அடுத்தது என்று ஒன்று இல்லை.

## தன் மகரந்தத்தைத் தானே மறுக்கும் பூ

சூரியகாந்தியில் நாம் 'பூ' என்று சொல்வது உண்மையில் நூற்றுக்கணக்கான சிறுமலர்களின் கூட்டம். பள்ளிப் பாடத்தில் சிரமஞ்சரி என்று படித்திருப்போம். அஹினஹினாவின் ஒவ்வொரு பூவும் அதே மாதிரிதான். ஓரத்தில் இதழ் போலத் தோன்றும் கதிர் சிறுமலர்கள், நடுவே நெருக்கியடித்த வட்டத்தட்டுச் சிறுமலர்கள். ஒரு பூத்தண்டில் உள்ள சிறுமலர்களை எல்லாம் எண்ணினால் பல்லாயிரம் வரும்.

ஒரு வட்டத்தட்டுச் சிறுமலரைக் கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் வேலை நடக்கும் முறை தெரியும். மகரந்தப் பைகள் ஐந்தும் ஒட்டி ஒரு குழாயாக நிற்கின்றன. மகரந்தம் அந்தக் குழாயின் உட்பக்கம் உதிர்கிறது. அப்போது சூல்தண்டு அடியிலிருந்து நீண்டு, மகரந்தத்தை முன்னால் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. இந்தக் கட்டத்தில் சிறுமலர் ஆண். வெளியே வந்த சூல்தண்டின் நுனி பிறகுதான் இரண்டாகப் பிரிந்து, மகரந்தத்தை வாங்கும் பரப்பான சூல்முடியைத் திறக்கிறது. இப்போது அதே சிறுமலர் பெண்.

ஒரு சிறுமலருக்குள் தன் மகரந்தம் தன்மேலேயே படாமல் இருக்க இது நல்ல ஏற்பாடு. செடி முழுதுக்கும் அது போதாது. பக்கத்துச் சிறுமலர் ஆண் பருவத்தில் இருக்கும்போது இது பெண் பருவத்தில் இருக்கும். ஒரு தேனீ நான்கு அடி நடந்தால் போதும், ஒரே செடியின் மகரந்தம் அதே செடியின் சூல்முடியில் வந்து விழுந்துவிடும். ஆகவே இரண்டாவது காவல் ஒன்று தேவை. அதற்குப் பெயர் தன் பொருந்தாமை.

அது இப்படி வேலை செய்கிறது:

1. செடியின் மரபணுத் தொகுதியில் அடையாளத்தைத் தீர்மானிக்கும் ஓர் இடம் உண்டு. தாவரவியலாளர்கள் அதை எஸ் இடம் என்பார்கள். அந்த இடத்தில் வரக்கூடிய மரபணுவுக்குப் பல வடிவங்கள். ஒவ்வொரு செடியிலும் அவற்றில் இரண்டு இருக்கும்: ஒன்று தாய்வழி, ஒன்று தந்தைவழி.

2. மகரந்தத்தூளின் மேலுறையில், அதை உண்டாக்கிய செடியின் அடையாளம் பூசப்பட்டிருக்கும். சூரியகாந்திக் குடும்பத்தில் இதுதான் வழக்கம்.

3. சூல்முடி அந்த அடையாளத்தைச் சோதிக்கும். தன்னிடம் உள்ள வடிவத்தோடு ஒத்துப்போனால் மகரந்தத்தை முளைக்க விடாது. மகரந்தக் குழாய் உள்ளே இறங்காது, விதை உண்டாகாது.

நம் ஊரில் பங்காளி முறை உள்ள வீடுகளுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை அல்லவா, கிட்டத்தட்ட அதே விதிதான். ஆள் யார் என்று பார்ப்பதில்லை. எந்தக் கொடி என்று மட்டும் பார்க்கிறது. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கன்று நட்ட கதைக்கு வரும்போது இந்த விதிதான் கழுத்தைப் பிடிக்கப் போகிறது.

ஹவாய்த் தாவரங்களில் இது எதிர்பாராத குணம். கடல் தாண்டித் தீவுக்கு வந்து சேரும் செடி பெரும்பாலும் தனியாகத்தான் வரும். தன் மகரந்தத்தால் தானே விதை தரக்கூடியதே பிழைத்து இனம் பரப்பும் என்று 1955-ல் ஹெர்பர்ட் பேக்கர் என்ற தாவரவியலாளர் வாதிட்டார். பேக்கர் விதி என்று அது பெயர் பெற்றது. அஹினஹினாவின் முன்னோர் சுமார் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கலிபோர்னியாப் பக்கமிருந்து வந்தவர்கள். அந்த ஒரு வருகையிலிருந்து 30-க்கும் மேற்பட்ட இனங்கள் ஹவாயில் கிளைத்துவிட்டன. 1986-ல் ஜெரால்டு காரும் அவருடைய சகாக்களும் இந்தக் கூட்டத்தைச் சோதித்தபோது, பெரும்பாலானவை தன் மகரந்தத்தை ஏற்காதவை என்று தெரிந்தது. பேக்கர் விதிக்கு நேர் மாறு. பிசுபிசுப்பான பூத்தலை ஒன்று பறவையின் இறகில் ஒட்டிப் பல விதைகள் ஒருங்கே வந்திருக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்படும் ஒரு விளக்கம். எனக்கு அது நம்பத்தக்கதாகவே படுகிறது. தனி விதை வந்திருந்தால் கதை அன்றே முடிந்திருக்கும்.

## இரண்டு குணமும் சேர்ந்தால் வரும் கணக்கு

ஒரே முறை பூப்பது தனியாகப் பார்த்தால் ஆபத்தில்லை. தன் மகரந்தத்தை மறுப்பதும் தனியாகப் பார்த்தால் ஆபத்தில்லை. ஆப்பிள் மரமும் பெரும்பாலும் அப்படித்தான். இரண்டும் ஒரே செடியில், அந்தச் செடியும் எண்ணிக்கையில் குறைந்துபோனால்தான் சிக்கல்.

மௌனா கியாவில் இயற்கையாக எஞ்சியது வைலுக்கு ஆற்றின் மேற்பகுதியில், செங்குத்துப் பாறைகளை ஒட்டி, 50-க்கும் குறைவான செடிகள். 40 என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். ஒரு செடி சராசரியாக 50 ஆண்டு வாழ்ந்து ஒரு முறை பூக்கிறது என்றால்:

1. ஓர் ஆண்டில் பூக்கும் செடிகள் சராசரியாக 40-ஐ 50-ஆல் வகுத்தது, அதாவது 0.8. ஒன்றுகூட இல்லை.

2. ஒரே ஆண்டில் இரண்டு அல்லது அதற்கு மேல் பூக்கும் வாய்ப்பு சுமார் 19 சதவீதம். தோராயமாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை.

3. அந்த இரண்டும் ஒரே வாரங்களில் பூத்திருக்க வேண்டும். தேனீ பறந்து போகும் தூரத்தில் இருக்க வேண்டும். இரண்டின் எஸ் வடிவங்களும் வேறுபட வேண்டும். ஒவ்வொரு நிபந்தனையும் 19 சதவீதத்தை மேலும் கீழே இழுக்கும்.

4. மற்ற ஆண்டுகளில் தனியே பூத்த செடி பல்லாயிரம் சிறுமலர்களைத் திறந்து, விதை பிடிக்காத பதர்களை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும்.

நாற்பதில் பாதி இளஞ்செடிகளாக இருந்தால் நிலைமை இதைவிட மோசம். அதனால்தான் 'அரிய செடி பூத்தது' என்ற படச் செய்தியைப் பார்த்துச் சந்தோஷப்படுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது: பக்கத்தில் வேறு எது பூத்தது? தனியாகப் பூத்திருந்தால் அது அந்தச் செடியின் மரண அறிவிப்பு மட்டுமே.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் இல்லை. ஹலேயாக்கலாவில், பல்லாயிரம் செடிகள் இருக்கும் இடத்திலேயே, விதை பிடிப்பை அளந்து பார்த்து 2003-ல் ஓர் ஆய்வு வெளியானது. நிறையச் செடிகள் பூத்த ஆண்டில் விதை பிடிப்பு கூடியது, சில மட்டும் பூத்த ஆண்டில் குறைந்தது. கூட்டம் குறையக் குறைய ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பலனும் குறைவதைச் சூழலியலில் ஆலீ விளைவு என்பார்கள். இதன் கொடுமை என்னவென்றால், அது தன்னைத் தானே ஊட்டி வளர்க்கும். செடி குறைந்தால் விதை குறையும், விதை குறைந்தால் அடுத்த தலைமுறைச் செடி இன்னும் குறையும்.

## குறைத்தது யார்?

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1793-ல் கேப்டன் ஜார்ஜ் வான்கூவர் ஹவாய் தீவில் மாடுகளையும் செம்மறிகளையும் கொண்டுவந்து இறக்கினார். மனிதர் வருமுன் அந்தத் தீவுகளில் குளம்புள்ள விலங்கே கிடையாது. முள்ளோ கசப்போ வளர்த்துக்கொள்ளத் தேவையில்லாமல் பரிணமித்த செடிகள் அவை. காட்டில் பெருகிய செம்மறிகள் 1930-களில் மௌனா கியாவில் மட்டும் 40,000 வரை இருந்ததாக மதிப்பீடு. சதைப்பற்றான பூத்தண்டு ஆட்டுக்கு நல்ல தீனி. 40 ஆண்டு காத்திருந்து கிளம்பிய தண்டை ஆடு ஒரு காலையில் கடித்துப் போட்டால், அந்தச் செடியின் வம்சம் அங்கேயே முடிந்தது. எஞ்சியவை பாறை விளிம்பில் நிற்பதற்குக் காரணம் அந்த இடத்தை அவை விரும்பியதல்ல. ஆடு எட்டாத இடம் அது ஒன்றுதான்.

1979-ல் அமெரிக்க நீதிமன்றம் மௌனா கியாவிலிருந்து ஆடுகளை அகற்ற உத்தரவிட்டது. வழக்கின் முதல் மனுதாரர் பாலிலா என்ற பறவை. உண்மையிலேயே பறவையின் பெயரில்தான் வழக்கு. செடிக்கு அந்தத் தீர்ப்பு பக்கவாட்டில் கிடைத்த நன்மை. ஆடுகள் இன்னும் முழுதாக ஒழியவில்லை. வேலி போட்ட இடங்களில்தான் நம்பி நட முடிகிறது.

## இரண்டு தாய்கள்

இனி அந்தக் கன்றுகளுக்கு வருவோம்.

1970-களில் நடுவதற்கு விதை வேண்டியிருந்தது. பூத்தால்தானே விதை? கிடைத்தது கொஞ்சம். அதை வைத்து வளர்த்த கன்றுகளும், அவற்றின் வழிவந்தவையும்தான் முதல் கட்டத்தில் மலையில் நடப்பட்டன. 1990-களில் ராபர்ட் ரோபிஷோ, எலிசபெத் ஃபிரையர் முதலான ஆய்வாளர்கள் இவற்றின் டிஎன்ஏ-வைப் பாறையில் எஞ்சியிருந்த இயற்கைச் செடிகளோடு ஒப்பிட்டார்கள். அப்போது பிழைத்து நின்ற நூற்றுக்கணக்கான நட்ட செடிகள் அத்தனையும் இரண்டே இரண்டு தாய்ச்செடிகளின் வம்சம். இயற்கைக் கூட்டத்தில் இருந்த மரபு வேறுபாடுகள் பல, நட்ட கூட்டத்தில் காணவில்லை.

எந்த உயிரினத்துக்கும் இது நல்ல செய்தி அல்ல. தன் பொருந்தாமை உள்ள செடிக்கோ இது நேரடி அடி. ஏன் என்பதை எஸ் வடிவங்களுக்கு எண் கொடுத்துப் பார்த்தால் விளங்கும். தாயிடம் 1, 2 என்ற வடிவங்கள். தந்தையிடம் 3, 4. ஒரு வடிவம் பொதுவாக இருந்தாலும் மறுப்பு என்பது விதி.

1. பிள்ளைகள் நான்கு வகையாகப் பிறக்கும்: 1-3, 1-4, 2-3, 2-4.

2. 1-3 வகைப் பிள்ளை இன்னொரு 1-3-ஐ ஏற்காது. 1-4-ஐயும் ஏற்காது, 1 பொது. 2-3-ஐயும் ஏற்காது, 3 பொது. 2-4 மட்டுமே பாக்கி.

3. ஆக, உடன்பிறந்தவற்றில் நான்கில் ஒன்றோடுதான் கூட முடியும். நூறு செடி நட்டாலும் ஒவ்வொன்றுக்கும் துணையாகக்கூடியவை சுமார் 25.

4. தாய் ஒன்று, தந்தை வேறு என்றால் பாதி தேறும். தாயின் ஒரே வடிவத்தைப் பெற்றவை ஒன்றையொன்று மறுக்கும்.

5. ஒப்பிட்டுப் பார்க்க, 30 வடிவங்கள் சம அளவில் கலந்திருக்கும் ஆரோக்கியமான கூட்டத்தில் ஏதோ இரண்டு செடிகளை எடுத்தால் அவை பொருந்தும் வாய்ப்பு சுமார் 87 சதவீதம்.

இது எளிமைப்படுத்திய கணக்கு. உண்மையில் சில வடிவங்கள் மற்றவற்றை அமுக்கிவிடும். அதனால் விதி அங்கங்கே தளர்ந்து, இந்தக் கணக்கில் பொருந்தாத ஜோடிகளும் சில சமயம் விதை தரும். ஆனால் திசை மாறாது. மேலே பார்த்த பூப்புக் காலக் கணக்கோடு இதைப் பெருக்கிப் பாருங்கள். ஓர் ஆண்டில் அருகருகே பூத்தது மூன்றே செடி, மூன்றும் பங்காளிகள் என்றால், வேலிக்குள் பத்திரமாக, நன்றாகத் தண்ணீர் கண்டு, ஆடு தொடாமல் வளர்ந்த செடிகள் அவ்வளவும் வீண்.

பொருந்திக் கூடினாலும் பிரச்சினை தீரவில்லை. அது நெருங்கிய உறவுக்குள் நடக்கும் கூடல். மறைந்திருக்கும் குறைபாட்டு மரபணுக்கள் ஜோடி சேரும் வாய்ப்பு அங்கே அதிகம். தன் பொருந்தாமை இருக்கும் செடிகளில், வழக்கமாக வெளியாரோடு கூடிவந்ததால், அப்படிப்பட்ட குறைபாடுகள் வெளிப்படாமல் நிறையச் சேர்ந்திருக்கும்.

நட்டவர்களைக் குறை சொல்வது இப்போது எளிது. அன்றைக்குச் செடியை அழிவிலிருந்து மீட்க அதுதான் வழி. டிஎன்ஏ ஒப்பீடு செய்யும் வசதியும் அப்போது இல்லை. நடாமல் இருந்திருந்தால் இன்று விவாதிக்கவே செடி இருந்திருக்காது என்பதும் நிஜம்.

## மகரந்தத்தைச் சுமப்பவை

பொருந்தும் இரண்டு செடிகள் ஒரே வாரத்தில் பூத்துவிட்டன என்றே வைத்துக்கொள்வோம். மகரந்தம் எப்படிப் போகும்?

காற்றில் போகாது. பூச்சிதான் வேண்டும். ஹவாய்க்குச் சொந்தமான தேனீ வகை ஒன்றே ஒன்று: ஹைலேயஸ் என்ற பேரினம். அதில் 60-க்கும் மேற்பட்ட இனங்கள். கறுத்து மெலிந்த, எறும்பு அளவுக்குச் சற்றே பெரிய உடல். பலவற்றில் முகத்தில் மஞ்சள் பட்டை. நம் தேனீயைப் போலக் காலில் மகரந்தக் கூடை கிடையாது. கூட்டுக்குக் கொண்டுபோகும் மகரந்தத்தை விழுங்கி வயிற்றுப் பையில்தான் எடுத்துச்செல்லும். அப்படியானால் மகரந்தச் சேர்க்கை எப்படி என்று தோன்றலாம். பூவுக்குள் புரளும்போது உடம்பில் ஒட்டிக்கொள்ளும் தூள்தான் அந்த வேலையைச் செய்கிறது. அந்துப்பூச்சிகளும் பூவுக்கு வரும்.

ஹலேயாக்கலாவில் இந்தத் தேனீக்களில் பல தரையில் கூடு வைப்பவை. அங்கேதான் அர்ஜென்டினா எறும்பு குறுக்கே வருகிறது. ஹவாயில் இயற்கையாக எறும்பே கிடையாது. உள்ள அத்தனையும் மனிதரோடு வந்தவை. அர்ஜென்டினா எறும்பு ஹலேயாக்கலா தேசியப் பூங்காவில் 1967-ல் முதலில் பதிவானது. தரைக்கூட்டில் இருக்கும் தேனீப் புழுக்களை அது தின்றுவிடும். எறும்பு பரவிய இடங்களில் தேனீ உள்ளிட்ட பூச்சிகள் குறைவதை 1990-களின் தொடக்கத்திலேயே ஆய்வுகள் காட்டின. ஒரே ஆறுதல், இந்த எறும்பின் ராணி பறந்துபோய்ப் புதுக் கூடு வைப்பதில்லை. தொழிலாளிகளோடு நடந்துதான் போகும். அதனால் படையெடுப்பு மெதுவாக, ஓரத்திலிருந்து நகர்கிறது. மெதுவாக என்றாலும் நிற்கவில்லை.

ஆக, எறும்பு செடியைத் தொடுவதே இல்லை. செடியின் இலை வெள்ளியாகவே பளபளக்கும், கணக்கெடுப்பில் எண்ணும் குறையாது. விதைக்குள் மட்டும் கரு இருக்காது. இப்படிப்பட்ட சேதம் எந்த மேற்பார்வைக் கணக்கிலும் பல ஆண்டுகள் தெரியாமலேயே போகும்.

## விதை கட்டிய பிறகு

விதைக்கும் எதிரிகள் உண்டு. பூத்தலைக்குள் முட்டையிட்டு விதையைத் தின்னும் ஈயும் அந்துப்பூச்சியும் ஹலேயாக்கலாவில் உள்ளன. ஆனால் இவை எறும்பைப் போல வெளியாட்கள் அல்ல. ஹவாயில் மட்டுமே காணப்படும், இந்தச் செடியையே நம்பி வாழும் பூச்சிகள். மருந்தடித்து விரட்டினால் ஓர் அரிய உயிரைக் காக்க இன்னொரு அரிய உயிரை அழித்ததாகும். அதனால் பூங்கா நிர்வாகம் அந்த வழியில் இறங்குவது எளிதல்ல. செடி ஏராளமாக இருந்த காலத்தில் ஈக்குக் கொடுத்ததுபோக மீதி விதையே போதுமானதாக இருந்தது.

தப்பிய விதை வெகுதூரம் போவதில்லை. பெரும்பாலும் தாய்ச்செடியைச் சுற்றியே விழுந்து முளைக்கிறது. இதனால் பக்கத்துச் செடிகள் உறவுக்காரர்களாகவே அமைவது இயல்பு. பங்காளிக் கணக்கு இங்கே மறுபடி தலைகாட்டும்.

அடுத்தது மழை. ஹலேயாக்கலா செடிகள் ஒரு காலத்தில் மீட்புக்கு நல்ல உதாரணமாகச் சொல்லப்பட்டவை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுற்றுலாப் பயணிகள் நினைவுக்காகப் பிடுங்கிப்போனதும், ஆடுகளும் சேர்ந்து சில ஆயிரமாகக் குறைந்துவிட்ட கூட்டம், பூங்காப் பாதுகாப்பில் பெருகி 1991-ல் ஏறத்தாழ 65,000-ஐத் தொட்டது. அதன்பிறகு சரிவு. 1990-களிலிருந்து சுமார் 60 சதவீதம் குறைந்துவிட்டதாக 2013-ல் பால் க்ருஷெல்னிக்கியும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. மலையின் உயரப் பகுதிகளில் மேகத்தைக் கீழேயே நிறுத்திவைக்கும் வெப்ப அடுக்கு அடிக்கடி உருவாவதும், அதனால் வறட்சி கூடுவதும் இதோடு ஒத்துப்போகின்றன. விசித்திரம் என்னவென்றால் அதிகம் செத்தது மேலே வறண்ட பகுதியில் அல்ல, பரப்பின் கீழ் விளிம்பில். ஈரத்துக்குப் பழகி வளர்ந்த செடிக்குத் திடீர் வறட்சியைத் தாங்கும் பழக்கம் இல்லாமல்போவதுதான் காரணமாக இருக்கும் என்று கருதுகிறார்கள். கீழே சாவது மேலே பிழைப்பதால் ஈடாகிவிடும் என்று இருந்துவிடவும் முடியாது. மேலே ஏற மலைக்கு ஓர் உச்சி உண்டு.

## இப்போது செய்வது என்ன?

மௌனா கியாவில் வேலையின் போக்கு 1990-களுக்குப் பிறகு மாறியது. நடும் எண்ணிக்கையைவிட, எத்தனை தனித்தனித் தாய், தந்தையரின் மரபு மலைக்குத் திரும்புகிறது என்பதே இலக்கு.

1. பாறையில் எஞ்சிய இயற்கைச் செடி ஒன்று பூக்கும்போது, அதன் மகரந்தத்தை எடுத்துவந்து, நட்ட செடிகளில் அந்தப் பருவத்தில் பூத்திருப்பவற்றின் சூல்முடிகளில் கையால் தடவுகிறார்கள். தனியே பூத்து வீணாகப் போயிருக்க வேண்டிய செடி இப்படித் தந்தையாகிறது.

2. அந்தப் பூக்களின் விதையிலிருந்து வால்கேனோ என்ற ஊரில் உள்ள அரிய தாவர வளர்ப்பகத்தில் கன்றுகள் வளர்கின்றன.

3. கன்றுகள் வேலி போட்ட இடங்களில் நடப்படுகின்றன. ஒரே தாயின் பிள்ளைகள் ஒரே மூலையில் குவியாமல் கலந்து நடுவது முக்கியம். பின்னாளில் தேனீ பறக்கும் தூரத்தில் பங்காளி அல்லாத செடி இருக்க வேண்டுமே.

மௌனா லோவாவின் அஹினஹினாவுக்கு இந்தப் பாடம் ஆரம்பத்திலேயே உதவியது. அங்கே நூற்றுக்கும் மேற்பட்ட தாய்ச்செடிகளிலிருந்து விதை எடுத்து வளர்த்த கன்றுகள் நடப்பட்டிருக்கின்றன. மௌனா கியாவுக்கு அந்த வசதி இல்லை. எடுக்க அத்தனை செடி மிச்சமில்லை.

இன்னொரு நடைமுறைத் தலைவலி காலம். இன்று நட்ட கன்று பூக்கும்போது நட்டவர் ஓய்வு பெற்றுப் பல ஆண்டாகியிருக்கும். அன்று அந்தப் பூவில் எந்தச் செடியின் மகரந்தத்தைத் தடவலாம், எதைத் தடவினால் பயனில்லை என்று முடிவு செய்ய, அது யாருடைய பிள்ளை என்பது தெரிந்திருக்க வேண்டும். அதனால் கன்றுக்கு ஓர் அடையாளத் தகடும், அதன் தாய் தந்தையைக் குறித்த பதிவேடும், 30, 40 ஆண்டு தொலையாமல் கைமாறி வர வேண்டும். வேலிக் கம்பியைப் போலவே இதற்கும் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியிருக்கிறது. நிதி கேட்கும் விண்ணப்பத்தில் வேலியைப் படம் பிடித்துக் காட்டலாம், பதிவேட்டைக் காட்ட முடியாது.